கறுத்த கை

அக்ரூட் பறிக்கும் மாதத்தில் கை வெளுத்திருக்கும் சோம்பேறிக்குப் பெண் தரமாட்டேன் என்று இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார் சமது.

மூன்றாவதாகக் குப்வாராவிலிருந்து அம்மாவோடு வந்த முஸஃபரின் விரல்கள் கரியாய்க் கறுத்திருந்தன. அக்ரூட்டின் பச்சைத் தோலை உரித்தால் ஏறுகிற கறை அது; எத்தனை முறை கழுவினாலும் போகாது.

"தோப்புல சரியான வேலை போல, தம்பி?"

"ஏதோ, நம்மால முடிஞ்சதுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான் முஸஃபர்.

சமதுவின் மகள் ஸூனி உப்புத் தேநீரும் ரொட்டியும் அக்ரூட் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள்.

"மாஷா அல்லாஹ்! சாயம் பூசாமலே உதடு எப்படிச் சிவந்திருக்கு பாரு!" என்றாள் முஸஃபரின் அம்மா. இப்போது ஸூனி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் கிளம்பியதும் சமது தொடையைத் தட்டினார்.

"கையைப் பார்த்தியா? உழைப்பாளி! முடிச்சிடலாம்."

"காதுக்குப் பின்னாலயும் கறுப்பா இருந்துச்சுப்பா. காதாலயா தோல் உரிச்சாரு?"

சமதுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடப்பாவி! அந்தத் தோலை அரைச்சு நரைமுடிக்குப் பூசிக்கிட்டு வந்திருக்கான்! இப்பவே வேண்டாம்னு சொல்லி அனுப்பறேன்."

"சொல்லாதீங்கப்பா" என்று ஸூனி உள்ளங்கையை விரித்தாள். அதில், தன் அம்மாவின் ஈறு வலிக்கு வாங்கி வைத்திருந்த அக்ரூட் மரப்பட்டை, பாதிக்குமேல் தேய்ந்திருந்தது.

"உதடு சிவக்கணும்னு காலையிலேருந்து இதைத்தான் தேய்ச்சேன். அவரு தோலு, நான் பட்டை. ரெண்டும் ஒரே மரம்தானேப்பா, இதைவிட என்ன பொருத்தம் வேணும்?"