கோணல் பலகை

கணவரின் பைக் தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம், அவள் வாசல் கதவைத் தாழிட்டாள். கூந்தலை இழுத்துக் கொண்டை போட்டாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் நழுவினாள்.

பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் தலையை நீட்டினாள். "என்னங்க, உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போனப்புறமும் உங்க வீட்ல ஏதோ சத்தம் கேக்குதே? யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க. மிக்ஸி ரிப்பேரு. போட்டா ஊரையே கூட்டுது" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, கார் ஷெட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் இல்லாத ஷெட் அது. நடுவில் ஒரு மேடைமேல் உட்கார்ந்திருந்தது, அவர் ஆசை ஆசையாய் வாங்கி வந்த குட்டி ஜாயின்டர். பலகையை அதன்மேல் வைத்துத் தள்ளினால், அடியில் சுழலும் கத்தி ஓரத்தை நூல் பிடித்த மாதிரி இழைத்துத் தரும். அப்படி இழைத்த இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒட்டினால் நடுவே முடிகூட நுழையாது.

நுழையாது என்பது பேச்சு. அவர் இழைத்த பலகைகளுக்கு நடுவே எலி குடும்பமே நடத்தலாம்.

வாங்கிய புதிதில், "நீயும் வாயேன், சேர்ந்து பண்ணலாம்" என்று அவர் கூப்பிடாத நாளில்லை. "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஒருநாள் ஷெட்டைப் பெருக்கப் போனவள், சாப்பாட்டு மேசைக்காக அவர் இழைத்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்துவிட்டாள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். கோணலைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மெஷினைப் பழகினாள். அன்று தொடங்கியதுதான் இந்தத் திருட்டுத் தொழில்.

காதுமூடியை மாட்டினாள். பட்டையை இறுக்கவே வேண்டியிருக்கவில்லை, தலைக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத் தடுப்பு நிமிர்ந்து நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தாள். பலகையின் ஓரம் நெடுகப் பென்சிலால் கிறுக்கினாள். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்து, தள்ளுகட்டையால் அழுத்தி, அவசரப்படாமல் தள்ளினாள்.

கத்தி 'ர்ர்ர்' என்று பாடியது. பென்சில் கிறுக்கல் மிச்சமில்லாமல் அழியும்வரை அவள் விடவில்லை.

சாயங்காலம் அவர் இரண்டு பலகைகளையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. "பாத்தியா? கை பழகிடுச்சு!"

"ஆமாமா, உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்" என்றவள், சிரிப்பை அடக்கமாட்டாமல் அடுக்களைக்குள் ஓடினாள்.

மேசைக்கு இன்னும் ஒரே ஒரு பலகை பாக்கி இருந்தபோது அவருடைய அக்கா வந்து இறங்கினாள். ஷெட்டுக்கே நேராக வந்து, பலகைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"டேய், கடையில மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ச்சோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கிறவன் நீ. இதை நீயா இழைச்ச? எங்க, என் கண் முன்னாடி ஒண்ணு இழைச்சுக் காட்டு!"

"அதுக்கென்ன, பாத்துட்டாப் போச்சு" என்று அவர் கடைசிப் பலகையை எடுத்தார்.

இவள் அவசரமாக நடுவே வந்து நின்றாள். அண்ணி வாயில் விழுந்தால் சொந்தபந்தம் அத்தனைக்கும் செய்தி போய்விடும். மனுஷன் மானம் கப்பலேறும்.

"அண்ணி, முதல்ல டீ குடிங்க. ஆறிடப் போகுது."

"நீ இன்னும் டீயே போடலியேம்மா!"

வேறு வழியில்லாமல் காலால் பிளக்கை எத்திவிட்டாள். சுவிட்சைப் போட்டவர், மெஷின் ஓடாததைப் பார்த்துக் குனிந்தார். "பிளக் லூசு போல" என்று அழுத்திச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் பாடும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கும் திக்கவில்லை, திணறவில்லை.

கண்ணைத் திறந்தபோது அண்ணி பலகைகளைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். நடுவே ஒரு கீற்றுகூடத் தெரியவில்லை.

"சரிடா, ஒத்துக்கிறேன். எங்க வீட்டுக்கும் ஒரு மேசை பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டு, டீயைத் தானே போட்டுக்கொள்ள உள்ளே போனாள் அண்ணி.

இவள் அந்தப் பலகையின் ஓரத்தை விரலால் நீவினாள். தான் இழைத்ததைவிட ஒரு படி மேலாகவே இருந்தது.

"என்னங்க இது! இவ்வளவு நல்லா வருது உங்களுக்கு? அப்ப இத்தனை நாளா எல்லாத்தையும் ஏன் கோணல்மாணலா இழைச்சு வெச்சீங்க?"

அவர் கையில் ஒட்டியிருந்த மரத்தூளை நிதானமாக ஊதிவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"கூப்பிட்டா நீ வரல. கோணலா வெச்சேன், வந்துட்டே!"