ஒண்ணுக்கும் ஆகாத ஷேர்

"அக்கா, அது செத்த ஷேருங்க. வேண்டாம்"னான் ஜுனைத்.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, பேக்கரி மாடியில ஷேர் வாங்கி விக்கற ஆபீஸ் அவனுது. எதுக்க உக்காந்திருந்தது செல்லாத்தா. தென்னையும் நெல்லுமாப் பண்ணயம் பாக்கறவங்க. போன வாரந்தான் வந்து கணக்குத் தொறந்துட்டுப் போனாங்க. மடியில ஒரு துணிப்பை.

"எனக்கு அந்த ஸ்டார்ச் கம்பெனிதான் வேணும் தம்பி."

"மரவள்ளிக்கெழங்குல மாவு எடுக்கறவங்கதானுங்க? வருசா வருசம் நஷ்டம். நூறு ரூவாய்க்கு வித்தது இப்ப நாலு ரூவா. வெலய ஏத்தறதுக்கு, மாவுல பிளாஸ்டிக் பண்ணப் போறோம்னு புரளி வேற கெளப்பி உடறாங்க."

ஜுனைத்துக்கு உள்ளுக்குள்ள எரிச்சல். இப்படித்தான் இங்க கணக்கு வெச்சிருந்த குப்பண்ணன், யாரோ வாட்சப்புல சொன்னாங்கன்னு, தேங்கா வித்த காசப் பூராம் காத்துல கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனி ஷேருல கொண்டுபோய்க் கொட்டுனாரு. அத்தனையும் போனப்புறம் அவரு சம்சாரம் வந்து, இந்த மாடிப்படியில உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. பேக்கரிக்காரரு பன்னும் டீயும் குடுத்துத்தான் அனுப்பி வெச்சாரு. அந்த பன்னுக்கும் ஜுனைத்துதான் காசு குடுத்தான். அது கெடக்கட்டும்.

"உங்களுக்கும் வாட்சப்புல வந்துச்சாக்கா?"

"இல்ல. கம்பெனிய மூடிப்போடுவாங்களா?"

"இப்போதைக்கு மூட மாட்டாங்க. ஆனா வெல ஏறாது."

"ஏறாட்டிப் போச்சாது. வருசத்துக்கொருக்கா பங்குக்காரங்களக் கூப்புட்டுக் கூட்டம் போடுவாங்களாமே?"

"அடுத்த மாசம் இருக்குது, கம்பெனிக்குள்ளயே. போனா போண்டாவும் காப்பியும் குடுப்பாங்க. அதுக்காகப் பாடுபட்ட காசப் போடோணுமா? இந்த வயசுல இத்தன ஆச எதுக்குங்க?"

செல்லாத்தா மொகம் மாறல. "நீ வாங்கு தம்பி."

"எத்தனைங்க?"

"ஒண்ணு."

"ஒரு ஆயிரமா?"

"ஒண்ணே ஒண்ணு. அது போதுமில்ல, உள்ள உட?"

ஜுனைத் அவங்கள நிமுந்து பாத்தான். "போதும். எந்திரிச்சுக் கேள்வியும் கேக்கலாம். ஒரு ஷேர் இருந்தாலும் நீங்களும் முதலாளிதானுங்க."

செல்லாத்தா பையிலிருந்து ஒரு பாட்டில எடுத்து மேசை மேல வெச்சாங்க. உள்ள மஞ்சளாத் தண்ணி. மூடி தொறக்காமயே புளிச்ச நாத்தம்.

"எங்க கெணத்துத் தண்ணி தம்பி. அந்தக் கம்பெனிக் கழிவு எறங்கி இப்படி ஆயிருச்சு. பஞ்சாயத்துல பராதி எழுதிக் குடுத்துப் பாத்தாச்சு. கம்பெனி கேட்டுல போய் நின்னா வாட்ச்மேன் வெரட்டறான். இனி வெரட்டட்டும், பாக்கறேன்."

ஜுனைத் கம்ப்யூட்டர்ப் பக்கம் திரும்பினான். அவங்க பேருக்கு ஒண்ணு வாங்கினான். அப்புறம் தன் பேருக்கும் ஒண்ணு வாங்கினான்.

"செத்த ஷேருன்ன, உனக்கெதுக்கு?"

"கூட வரத்தானுங்க. போண்டா குடுப்பாங்கல்ல?"

"போண்டாவ நீ தின்னுக்க." செல்லாத்தா பாட்டிலத் திரும்பப் பையில வெச்சாங்க. "நான் இதப் பெரிய முதலாளிக்கு ஊத்திக் குடுக்கறேன். ஒரு முதலாளி குடுக்கற தண்ணிய இன்னொரு முதலாளி வேண்டாம்பானா?"