மூக்கில் கனமில்லாத விமானம்

ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிவரை ஏறியிருக்கிறது. பல் மருத்துவர் தன் ஏழு மாத உழைப்பை உள்ளங்கையில் ஏந்தியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பே பெட்டிக்குள் போன பழைய பிளாஸ்டிக் மாதிரி விமானம் அது. பெட்டியில் துண்டு துண்டாக இருந்ததை ஒட்டி, தடித்த இறக்கைகளைச் சீவி மெலிதாக்கி, பல்லடைக்கிற கருவியாலேயே இடுக்குகளையெல்லாம் அடைத்திருக்கிறார். விமானி இருக்கைக்கு, எறும்பின் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு இடுப்புப் பட்டைகூட உண்டு. "உள்ள யாருங்க எட்டிப் பாக்கப் போறா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "எனக்குத் தெரியுமில்ல?" என்பதுதான் பதில். இப்போது மூன்று சக்கரங்களும் மேசையில் பட வைத்துவிட்டு மெல்லக் கையை எடுக்கிறார். விமானம் ஒரு நொடி யோசிக்கிறது. பிறகு வால் பொத்தென்று உட்கார, மூக்கு அவருடைய நோயாளிகளைப் போலவே கூரையைப் பார்த்து அண்ணாந்துகொள்கிறது. "ஐயையோ, ஒட்டறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள எடை வச்சிருக்கணுமே... மறந்துட்டேனே!" இனி ஒட்டியதைப் பிரித்தால் பழைய பிளாஸ்டிக் சுக்குநூறாகிவிடும். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்த மனைவி, சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்து, மூக்கு நுனியை ஒற்றை விரலால் அழுத்துகிறாள். விமானம் மூன்று சக்கரங்களிலும் ஜம்மென்று நிற்கிறது. "எடுக்காத, விரலை எடுக்காத! கண்குளிரப் பாத்துக்கறேன்." "அடுப்புல பால் இருக்குங்க." "ஒரே ஒரு நிமிஷம்மா." உள்ளே பால் புஸ்ஸென்று பொங்கி வழிகிறது. அவள் விரலை எடுக்கவில்லை.