ஆற்றங்கரையில் வாரன்

கணவனின் கணினியில் திறந்து கிடந்த எக்செல் பக்கத்தைப் பார்த்ததும் ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாரன், ஆற்றங்கரை, 1:50 AM" என்றிருந்தது.

"நடுச்சாமத்துல ஆத்தங்கரையில எவகூட உனக்குக் கொஞ்சல்?"

பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த வாரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அது நேரமில்லடி, விகிதம். ஆத்தங்கரை மேய்ச்சல்ல ஒரு செம்மறிக் கிடாவுக்கு அம்பது பெட்டை. ஒண்ணுக்கு அம்பதுன்னு அடிச்சேன், எக்செல் அதை மணியாக்கிடுச்சு."

"சும்மா அளக்காத! அதுல உன் பேர் எதுக்கு?"

"அது கிடாவோட பேரு."

"கிடாவுக்கு உன் பேரா? எந்தக் கொழுப்பெடுத்தவ வச்சா?"

வாரன் தயங்கினான். "நீதான். போன வருஷம் நம்ம கல்யாண நாளை நான் மறந்தேனே, அன்னிக்குக் கொட்டகையில நின்னு நீயே வச்சே."

ரோண்டா ஒரு கணம் யோசித்தாள். "பொருத்தமாத்தான் வச்சிருக்கேன்" என்றாள்.