இரண்டாவது தடம்

இயற்கையின் போக்கைப் பின்பற்றும் பெர்மாகல்ச்சர் முறையில் தோட்டம் வடிவமைப்பது அவள் தொழில். நான்கு மாதமாக எதையும் நடாமல், வீட்டார் எங்கே நடக்கிறார்கள் என்று மட்டுமே கவனித்தவள் இன்று வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

"தினமும் போற இடத்துலதான் கீரை வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? கடைசி வேலியோரம் வரைஞ்சிருக்கீங்க!" என்றார் வீட்டுக்காரர். "அங்க சுவர் வரப்போகுது. அந்தப் பக்கம் எங்க அண்ணன் வீடு. ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. இங்கேருந்து ஒருத்தரும் அங்க எட்டிக்கூடப் பாக்கறதில்ல."

"போறாங்க சார். சமையல்கட்டுலேருந்து வேலி வரைக்கும் புல் தேஞ்சு கிடக்கு."

அவர் மனைவியை முறைத்தார்.

"ஆமா, அக்காகிட்ட பேசறேன்," என்றாள் மனைவி. "அண்ணன் தம்பி நீங்க முறைச்சுக்கிட்டா ஓரகத்திங்க நாங்க வாயைத் தெச்சுக்கணுமா?"

"எனக்குத் தெரியாமலா? நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடறேன்!"

"கூப்பிடுங்க சார். ஆனா சுவர் வந்தா ரெண்டாவது தடமும் அடைபட்டுடும்," என்றாள் வடிவமைப்பாளர், பென்சிலால் தொட்டுக் காட்டி. "இது மோட்டார் ரூம்லேருந்து அதே இடத்துக்குப் போகுது."

மோட்டார் அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. மனைவி அதையே பார்த்தாள்.

"மோட்டார் போடப் போனா ஒரு மணி நேரம் ஆகுதேன்னு நெனச்சேன்," என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுவர் வேண்டாம். அந்த இடத்துல ஒரு கேட் வரைஞ்சிடுங்க," என்றார். "வேலியைத் தாண்டித் தாண்டி அண்ணனுக்கு முட்டி வலிக்குதாம்."