கோடு கிழித்த டம்ளர்

டிபி இருக்கிறதா என்று மாமனார், மருமகள் இருவருக்கும் சளியும் எக்ஸ்ரேயும் எடுத்து, கையில் சோதனை ஊசியும் போட்டு, அது வீங்குகிறதா என்று பார்க்க மூன்றாம் நாள் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். வேடியப்பனுக்கு அதுவரை பொறுமை இல்லை. மறுநாளே தன் கையைப் பார்த்தார், வழுவழுவென்று இருந்தது. மருமகள் இனியாவின் கையிலோ நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

"டிபி யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு" என்று தொண்டையைச் செருமியவர், ஒரு டம்ளரில் ஆணியால் கோடு கிழித்து அவளிடம் நீட்டினார். "இனிமே உனக்கு இதுதாம்மா. ஒட்டிக்கும்."

மூன்றாம் நாள் டாக்டர் சொன்னார்: "வீங்கினா கிருமி உள்ள போயிருக்குன்னுதான் அர்த்தம். நோய்னு இல்ல. இவங்க எக்ஸ்ரே சுத்தமா இருக்கு."

வேடியப்பன் கையை நீட்டினார். "எனக்கு வீங்கவே இல்லீங்க!"

"உடம்புல தெம்பு கம்மியானா வீங்காமலும் போகும். உங்க சளியிலதான் கிருமி இருக்கு. ரெண்டு மாசமா இருமறது நீங்கதானே? ஆறு மாசம் மாத்திரை போடுங்க. இருமறப்ப வாயை மூடுங்க. தட்டு, டம்ளர்லல்லாம் ஒட்டாது."

வேங்கிக்காலில் இருந்த வீட்டுக்குத் திரும்பியதும், கோடு கிழித்த டம்ளரில் காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள் இனியா.

"டம்ளர்ல ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரேம்மா?"

"அவர் சொன்னா என்ன மாமா? நீங்க சொன்னது தப்பாயிடுமா?"