சாட்சி சொல்ல வந்தவர்

குடியேற்ற வழக்குகள் பார்க்கும் அந்தப் பெண் வக்கீலின் எதிரே பெரியவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கூட வந்த இளம்பெண், கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டே இருந்தாள்.

"உட்காரும்மா. இங்கே என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?" என்று பெரியவர் அதட்டினார். அவள் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

"வீட்டை விட்டுப் போனா விசா போயிடும்னு புருஷன் மிரட்டறான். நிஜமாம்மா?"

"சும்மா பிரிஞ்சா போயிடும், ஐயா. அடி தாங்காமப் பிரிஞ்சாங்கன்னு நிரூபிச்சா, அவர் தயவில்லாமலே இவங்க நிரந்தரமா இங்கே இருக்கலாம். ஆனா கண்ணால பார்த்த சாட்சி வேணும்."

"நான் பார்த்தேன். எழுதிக்குங்க."

அவருடைய போன் அலறியது. மனைவிதான். "பேசாம எழுந்து வாங்க! நம்ம குடும்ப மானமே கப்பலேறிடும்!"

"அவன் கை ஓங்கின அன்னிக்கே ஏறிடுச்சு. இறக்கத்தான் வந்திருக்கேன்." வெடுக்கென்று வைத்தார்.

"ஐயா, உங்க விசா யார் பொறுப்புல இருக்கு?" என்றாள் வக்கீல்.

"அவன் பொறுப்புலதான்."

"கோபத்துல உங்களையும் திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். பெட்டியைக் கட்டி வெச்சிட்டுத்தான் வந்தேன்."

வக்கீல் பேனாவை எடுத்தாள். "மருமகனை எதிர்த்து இப்படி நிக்கற மாமனாரை இப்பத்தான் பார்க்கறேன்."

பெரியவர் நிமிர்ந்தார்.

"மாமனார்தான். ஆனா இந்தப் பொண்ணுக்கு. அடிச்சவன் நான் பெத்த பிள்ளை. ஒரு வார்த்தை விடாம எழுதுங்க."